இருக்கைக்கு அடியில் வைத்த ஈயம்

நான் வேலை செய்த கராஜில் இப்போது நிற்கிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். அண்மையில் உங்களைப் பார்க்க வந்தபோது தேத்தண்ணி தந்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றைத்தான். "அண்ணை, ஓவல் றேஸ் காருக்கு முன்பக்கம் என்ன அளவு வைக்கிறனீங்கள்?" அளவை நான் சொல்லப் போவதில்லை. அதில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. உங்கள் கார் வேறு, ஓடுகிற பாதை வேறு, ஓட்டுகிற ஆள் வேறு. என் அளவைக் கொண்டுபோய் வைத்தால் நேராகச் சுவரில் போய்த்தான் நிற்பீர்கள். அளவெல்லாம் சரியாக வந்த பிறகும் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன். சிரிக்க வைக்கிற கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் அந்தக் கராஜுக்கு நான் வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சும் வராது, சில்லு நேராக்கவும் வராது. இரண்டையும் பேச்சு வாங்கித்தான் பழகினேன். எனக்குச் சோறு போட்டது மொன்றியல் வீதிக் குழிகள். பனி உருகத் தொடங்கினால் போதும், முன்பக்கம் நெளிந்த கார்கள் வாசல்வரை வரிசையில் நிற்கும். அப்படி ஒரு காரை எங்களில் ஒருவர் சில்லு நேராக்குகிற இயந்திரத்தில் ஏற்றி, சரிப்படுத்துகிற திருகுகளை அவற்றின் எல்லைவரை திருகி, திரையில் எல்லா எண்களையும் சரி என்று காட்டுகிற பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பிவிட்டார். சில கிழமை கழித்து அதே கார் இழுவை லொறியில் வந்தது. சில்லைத் தாங்குகிற இரும்புக் கை குழியில் விழுந்த அன்றே வளைந்திருக்கிறது. வளைவைத் திருகு மறைத்தது, பச்சை நிறம் எங்களை ஏமாற்றியது. நல்ல காலம், அது முறிந்தது சொந்தக்காரரின் வீட்டு வாசலில்.

அதன் பிறகு கராஜில் ஒரு வழக்கம் வந்தது. திருகு வழமையைவிடக் கூடத் திரும்பினால் கையை எடுத்துவிட்டு, எது வளைந்தது என்று தேட வேண்டும். உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். நானும் தலையாட்டினவன்தான்.

இனி ரூபனின் கதைக்கு வருகிறேன்.

ரூபன் லொறி ஓட்டுகிறவன். மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில்தான் அவன் பாதி வாழ்க்கை. லொறியின் முன் ரயர்கள் ஒரு பக்கமாகத் தேய்கின்றன என்று என்னிடம் வந்தான், அப்படியே சிநேகிதமானான். என்னைவிட நன்றாக இளையவன். கர்க்லாண்டில் அவனும் மனைவி சுகந்தியும் இருந்தார்கள். அவள் ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தாள். எங்கள் ஆட்கள் கையில் நாலு காசு சேர்ந்தால் வீடு வாங்குவார்கள், பிறகு இன்னொரு வீடு வாங்குவார்கள், கோயிலுக்கும் கொஞ்சம் கொடுப்பார்கள். இவன் இடப்பக்கம் மட்டும் திரும்புகிற கார் ஒன்றை வாங்கினான். சனம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே அந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். தார் போட்ட, முட்டை வடிவான ஓவல் பாதையில் கார் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடும். அதனால் முன் சில்லு இரண்டையும் மேல்பக்கம் இடப்புறம் சாய வைப்போம். வீதிக் கார் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அடிபட்ட கார் மாதிரித்தான் தெரியும். கிழமை நாளில் ஊரார் காரை நேராக்குவேன், சனி ஞாயிறில் ரூபனின் காரைக் கோணலாக்குவேன். பிழைப்பு அப்படி.

இந்தக் கோணலை அளக்கும்போது ஓட்டுகிறவர் உள்ளே இருக்க வேண்டும். அவர் பாரம் இடப்பக்கத்தில் இறங்கினால்தான் கார் ஓடுகிறபோது நிற்கிற மாதிரி நிற்கும். நான்கு சில்லுக்கும் அடியில் நான்கு தராசு வைத்து, எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று பார்ப்போம். மற்றக் குழுக்களில் ஓட்டுகிறவருக்குப் பொறுமை இருக்காது, ஆளுக்குப் பதிலாக இருக்கையில் மண் மூட்டையை வைத்து அளப்பார்கள். ரூபன் அதற்குச் சம்மதிக்க மாட்டான். "மண் மூட்டை பகிடி விடுமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு, ஹெல்மெட்டும் போட்டு, இருக்கைப் பட்டியும் கட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பான். ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக் கராஜில்தான் இந்த வேலை நடக்கும். நான் அடியில் கிடப்பேன், அவன் மேலேயிருந்து ஊர்க் கதை எல்லாம் கதைப்பான். சுகந்தி யன்னலுக்குள்ளால் அவனுக்கு ரோல்ஸ் நீட்டுவாள். தின்னாதே, பாரம் மாறும் என்று நான் கத்துவேன்.

ஒரு வருடம் பனி உருகிய கையோடு காரை முதல்முறை தராசில் ஏற்றினோம். இடப்பக்கத்தில் பாரம் குறைந்திருந்தது. தராசு பிழை என்று நினைத்து இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். தராசு சரி. எண்ணெய்த் தாங்கி நிறைந்திருந்தது. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

"நீ மெலிஞ்சிட்டியோடா?"

"ஓம் அண்ணை. டொக்டர் சீனி கூடவாம் எண்டவர். சோத்தை விட்டுட்டன், நடக்கிறன்."

"நல்லம். இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய்."

எங்கள் சனத்தில் யாருக்குத்தான் சீனி வருத்தம் இல்லை? ஒருவன் மெலிந்தால் கை கொடுத்துப் பாராட்டுகிற காலம் இது. கோயிலில் கண்டவர்கள் எல்லாரும், என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று அவனிடம் விசாரித்தார்கள். சுகந்தியும் சந்தோசப்பட்டாள். நான் என் தொழிலைச் செய்தேன். குறைந்த பாரத்துக்கு ஈடாக ஒரு ஈயக்கட்டியை எடுத்து, இருக்கைக்கு அடியில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். தராசு பழைய எண்ணைக் காட்டியது. எனக்குத் திருப்தி.

கோடை முழுக்க இதுதான் நடந்தது. சில கிழமைக்கு ஒருமுறை காரைத் தராசில் ஏற்றுவோம், கொஞ்சம் குறையும், இன்னொரு ஈயக்கட்டி போடுவேன். கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் கேடு. கார் கெட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. ஸ்ரியரிங் பாரமாக இருக்கிறது, லேசாக்கித் தாருங்கள் என்று ரூபன் கேட்கத் தொடங்கினான். எங்கள் பிரிவுக் கார்களில் ஸ்ரியரிங்குக்கு உதவி செய்ய ஒன்றும் கிடையாது, கைப்பலம்தான். சில்லைத் தாங்குகிற அச்சு பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வைத்தான் காஸ்டர் என்கிறோம். அதைக் குறைத்தால் ஸ்ரியரிங் லேசாகும். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் இன்னும் குறைவாக வைத்தால் கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். கேட்ட ஒவ்வொரு முறையும், அந்தச் சாய்வைப் பிடித்து வைக்கிற மெல்லிய தகடுகளை மாற்றிக் குறைத்துக் கொடுத்தேன். நாள் முழுக்க லொறி ஓட்டுகிறவனுக்குக் கை நோகும்தானே என்று நினைத்தேன். இரண்டு விசயமும் என் கையால்தான் நடந்தன. ஒன்றை மற்றதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பருவத்தின் கடைசி ஓட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். வேலிக்கு அப்பால் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பயிற்சிக்குப் போன ரூபன் இரண்டு மூன்று சுற்றிலேயே திரும்பி வந்தான்.

"முன்பக்கம் பிடிக்குதில்லை அண்ணை. வளைவில நேர சுவருக்குப் போகுது."

முன் ரயர் வழுக்கிக்கொண்டு போயிருந்தால் அதன் தோல் சூட்டில் சுருண்டு, கைவைக்க முடியாமல் கொதிக்கும். நான் வலப்பக்க ரயரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூடச் சரியாக இல்லை. அந்த ரயர் வழுக்கவே இல்லை. அதை யாரும் திருப்பவில்லை. 

பிறகு எழும்பி யன்னலடிக்குப் போனேன். "ஸ்ரியரிங்கை இடப்பக்கம் முழுக்க வெட்டு பாப்பம்" என்றேன். கார் நிலத்தில் நிற்கும்போது திருப்புவது கஷ்டம்தான், ஆனால் ரூபன் அதை ஒற்றைக் கையால் செய்து காட்டிப் பகிடி விடுகிறவன். இரண்டு கையாலும் பிடித்தான். கால்வாசி திரும்பியது, நின்றுவிட்டது. பட்டி இடைஞ்சல் பண்ணுகிறது என்றான். பட்டியைப் பார்த்தேன். இறுக்கிக் கட்டிய பிறகு மிஞ்சும் நுனி, முன்பெல்லாம் ஒரு சாண்கூட இருக்காது. இப்போது தொடையைத் தாண்டித் தொங்கியது.

"கார் ஒரு பிழையும் இல்லை ரூபன். உனக்கு என்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. காரை ஏற்றி வருகிற எங்கள் இழுவைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுகந்தி மடக்குக் கதிரையில் இருந்தாள். அவளோடு ஒரு கியூபெக் பெட்டை நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அன்று ஓடுகிறவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு றேசுக்கு வந்த பிள்ளை, ஓடப்போகுமுன் எங்கள் கார்க் கூரையில் தட்டி ரூபனுக்கு ஒரு பொன்ஜூர் சொல்லாமல் போக மாட்டாள்.

"வயித்துக்க கட்டி அண்ணை," என்றான். "ஈரலுக்கும் போயிட்டுதாம். வெட்டிப் பிரயோசனம் இல்லையாம்."

"சுகந்திக்கு?"

"தெரியாது."

"எப்ப சொன்னவங்கள்?"

"பனி உருகேக்க."

முதல் ஈயக்கட்டி போட்ட நாள் என் கண்முன் வந்தது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இண்டைக்கு ஒரு ஓட்டம் அண்ணை. பேந்து நானே அவளுக்குச் சொல்லுறன். சொன்னால் பிறகு எல்லாரும் என்னை வருத்தக்காரனாத்தான் பாப்பினம். இஞ்ச மட்டும்தான் அப்பிடி இல்லை. ஸ்ரியரிங்கை இன்னும் கொஞ்சம் லேசாக்கி விடுங்கோ, காணும். உங்களால ஏலும்."

ஏலும் என்பது உண்மை. இன்னும் ஒரு தகடு எடுக்க இடம் இருந்தது. ஒலிபெருக்கியில் கார்களை வரிசைக்குக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். பாதையில் அவன் தனியாக ஓடுவதென்றால் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு அனுப்பியிருப்பேன். அவன் உயிர், அவன் கார், அவன் ஆசை. திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஆனால் அன்று வரிசையில் ரூபன் உள்பக்கம், அந்தப் பெட்டை அவனுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம். வளைவில் ரூபனின் கை சோர்ந்தால் கார் வெளியே சறுக்கும். சறுக்குகிற காருக்கும் சுவருக்கும் இடையில் அவள்தான் இருப்பாள். எவ்வளவு லேசாக்கினாலும் அந்த ஸ்ரியரிங்கை ஒருவர் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

வாக்குவாதப்பட நேரம் இருக்கவில்லை. வாக்குவாதப்பட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன், அவன் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியாது. நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு வலப்பக்கச் சில்லடியில் குந்தினேன். ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கிற தண்டின் ஊசியை இழுத்து, நட்டைக் கழற்றி, சுத்தியலால் ஒன்று போட்டேன். தண்டு தாரில் விழுந்தது. சில்லு தன் பாட்டில் வெளியே திரும்பி நின்றது. நட்டை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ரூபன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"நீங்கள் செத்தாலும் உங்கட செத்தவீட்டுக்கு வரமாட்டன்."

சத்தம் கேட்டுச் சுகந்தி ஓடி வந்தாள். "என்ன அண்ணை, கார் பழுதோ?"

ரூபன் ஹெல்மெட்டுக்குள்ளால் என்னைப் பார்த்தபடி இருந்தான். ஓம் பழுது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான். சொல்லியிருக்கலாம். ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கு அப்படித்தான் சொன்னேன், முன்பக்கம் முறிந்துவிட்டது என்று. அவர்களுக்கு அது காணும். இவளுக்குக் காணாது.

"கார் ஒரு பழுதும் இல்லை பிள்ளை. அவனைக் கேளும். கிட்ட நிண்டு கேளும்."

சொல்லிவிட்டு வேலிக்கரைக்கு நடந்தேன். ஓட்டம் தொடங்கி முடிந்தது. யார் வென்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டை முழுசாக இறங்கி நடந்து போனதை மட்டும் பார்த்தேன். திரும்பி வந்தபோது சுகந்தியின் தலையும் கைகளும் கார் யன்னலுக்கு உள்ளே இருந்தன. முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. அவன் பட்டியை இன்னும் யாரும் கழற்றவில்லை. நான் கிட்டப் போகவில்லை.

அதன் பிறகு ரூபன் என்னோடு கதைக்கவில்லை. பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள் சுகந்தி போன் எடுத்தாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்கோ அண்ணை. அவர் கேக்கேல்லை, நான்தான் கேக்கிறன்." போனேன். அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். அந்தக் கட்டிலில் அவ்வளவு கொஞ்சமாக ஒரு மனிதன் கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் கதிரையில் இருந்தேன். அவன் திரும்பாமலே கேட்டான்.

"அந்தப் பெட்டையை நான் சுவரில அடிச்சிருக்க மாட்டன், என்ன அண்ணை?"

"இல்லையடா. அடிச்சிருக்க மாட்டாய்."

தொழிலில் பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு எத்தனையோ தரம் சொன்னவன் நான். இது பொய். இதைத் திரும்பவும் சொல்வேன்.

என் செத்தவீட்டுக்கு வரமாட்டேன் என்றான், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். அவனுடையதற்கு நான் போனேன். பெட்டிக்குள் கிடந்தவனுக்குக் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டியைச் சுற்றி இடைவெளி தெரியாதபடி பின்னால் மடித்துக் குத்தியிருந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

தண்டைக் கழற்றியது சரியா என்று நீங்கள் கேட்கலாம். சரி. நாளைக்கு வேறொருவனுக்கும் கழற்றுவேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் நித்திரையைக் கெடுப்பது அது இல்லை.

அடுத்த வருடம் பனி உருகிய பிறகு சுகந்தி காரை விற்றாள். வாங்கியவர் நல்ல தடித்த ஆள். அவருக்கு ஏற்ற மாதிரி முன்பக்கத்தை வைத்துக் கொடுங்கள் என்று அவள் கேட்டதால், கார் இன்னொருமுறை ரொக்ஸ்பரோவுக்கு என் கராஜுக்கு வந்தது. புது ஆளின் பாரத்துக்கு ஈயம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி நிலத்தில் அடுக்கி வைத்தேன். சுகந்தி வந்தது எனக்குத் தெரியாது.

"உது என்ன அண்ணை?"

"ஈயம்."

"இவர் ஓடின காருக்கு ஏன் ஈயம்?"

கார் சமநிலைக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொன்னாலும் நம்பியிருப்பாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவன் பாரம் குறையக் குறைய, அதே அளவுக்கு ஈயம் வைத்துக்கொண்டு வந்தோம் என்று.

அவள் நிலத்தில் குந்தி ஒரு கட்டியைத் தூக்கினாள். அது அவள் நினைத்ததைவிடப் பாரம். இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றக் கட்டிகளைப் பார்த்தாள்.

"இவ்வளவும் அவரோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப உங்களுக்கு எனக்கு முதலே தெரியும்."

"தராசுக்குத் தெரியும். நான் தராசைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஈயத்தைக் காரோடு சேர்த்து வாங்கியவருக்குக் கொடுப்பதுதான் வழமை என்று சொன்னேன். "இல்லை, இதை நான் வீட்ட கொண்டு போறன்," என்றாள். நான் தூக்கப் போனேன், விடவில்லை. ஒவ்வொரு கட்டியாக நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய், தன் காரில் தனக்குப் பக்கத்து இருக்கையில் அடுக்கினாள்.

அவள் காரை எடுத்து நகர்த்தியதும் காருக்குள் ஒரு மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது. அவள் என்ன பழுது என்று என்னைப் பார்த்தாள். நான் யன்னலுக்குக் குனிந்தேன். இந்தக் காலத்துக் கார்களில் இருக்கைக்கு அடியிலும் பாரம் பார்க்கிற கருவி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும்.

"பக்கத்தில ஆள் இருக்கு எண்டு நினைக்குது பிள்ளை. பட்டி போடச் சொல்லுது."

சுகந்தி காரை நிறுத்தினாள். பிறகு எட்டிப் பட்டியை இழுத்து, ஈயத்தின் மேலால் கொண்டுவந்து கொழுவினாள். மணி நின்றது. தெருமுனையில் சிக்னல் போட்டு, கர்க்லாண்ட் பக்கம் திரும்பிப் போனாள்.